தாவீதின் பெயரால் வழங்கும் பாடல்கள்

எபிரேயத் திருமறையின் சங்கீதத் தொகுப்பு 150 பாடல்களைக் கொண்டது. அவற்றுள் 73 பாடல்களின் தலைப்பில் தாவீது மன்னரின் பெயர் காணப்படுகிறது. 90ஆம் பாடல் மோசேயின் பெயரையும், 72, 127ஆம் பாடல்கள் சாலமோனின் பெயரையும் தாங்கியுள்ளன. இவற்றை ஆசிரியர் பெயர்கள் என்றே கொள்ளலாமா?

இலக்கணம் அதற்கு உறுதியான விடை தரவில்லை. தலைப்பிலுள்ள தொடர் 'லெ தாவீத்' என்பதாகும். 'லெ' என்னும் முன்னொட்டு 'தாவீது இயற்றிய', 'தாவீதுக்குரிய', 'தாவீதைப் பற்றிய' எனப் பல பொருள்பட வரும்.

பாடலின் பொருளோ சிலவிடங்களில் தெளிவாகப் பேசுகிறது. 137ஆம் பாடல், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்றோரின் துயரைக் கூறுவது. எருசலேம் வீழ்ந்தது கி.மு. 586 அளவில், தாவீதின் காலமோ அதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் முற்பட்டது. எபிரேய மூலத்தில் இப்பாடலுக்குத் தலைப்பே இல்லை. பின்னெழுந்த கிரேக்க மொழிபெயர்ப்பே அதற்குத் தாவீதின் பெயரைச் சூட்டியது.

இப்போக்கு மேலும் வளர்ந்தது. கும்ரானின் 11ஆம் குகையில் 1956இல் கிடைத்த சங்கீதச் சுருள், தாவீது 4,050 பாடல்களை இயற்றினார் என்கிறது. 'சாலமோனின் சங்கீதங்கள்' எனப்படும் 18 பாடல்கள், கி.மு. 63இல் உரோமைத் தளபதி பொம்பேயு எருசலேமைக் கைப்பற்றியதைக் குறிப்பாகச் சுட்டுகின்றன. அவற்றில் சாலமோன் பெயர் தலைப்புகளில் மட்டுமே உண்டு.

இதனைப் பொய்ம்மை என ஒதுக்குதல் பொருந்தாது. தாவீது யாழிசை வல்லவர் என்றும், சாலமோன் 1,005 பாடல்கள் பாடினார் என்றும் திருமறையே கூறுகிறது. அம்மரபில் ஒரு பாடலைச் சேர்ப்பது, அதற்கு உயர்வளிப்பதோடு அதனைப் படிக்கும் முறையையும் கற்பித்தது. 51ஆம் பாடலின் தலைப்பு, பத்சேபாள் நிகழ்ச்சிக்குப் பின் தாவீது வருந்திய வேளையைச் சுட்டுகிறது. மன்னனே தன் குற்றத்தை ஒப்புக்கொண்ட சொற்களாக அறியும்போது, எளியவரும் அவற்றைத் தம் வாயால் சொல்லத் துணிவர். அதே பாடலின் இறுதியடிகள் எருசலேமின் மதில்கள் கட்டப்பட வேண்டுகின்றன. அவை நகரழிவுக்குப் பின் சேர்க்கப்பட்டவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

எனவே, வகுப்பறையில் இரண்டு வினாக்களைத் தனித்தனியே எழுப்புதல் வேண்டும். பாடலை இயற்றியவர் யார்? அதனை அவருடையது எனப் போற்றியவர்கள் எதனை நாடினர்? முதல் வினாவை விடுத்தால், பாபிலோனில் அழுத பெயரறியாப் புலவரின் குரலை இழப்போம். இரண்டாவதை விடுத்தால், அக்குரலைப் பேணிக் காத்த மக்களின் உள்ளத்தை இழப்போம்.