வணிகர் கையில் வாள்

அண்மையில் நம் பங்கு இளைஞர் ஒருவர் தாம் படித்த கதை ஒன்றை நம்மிடம் கூறினார். எதிர்கால உலகம் பற்றிய கற்பனைக் கதை அது. அங்கே அரசுகள் வலுவிழந்துவிட்டன. உலகைக் கூறுபோட்டு ஆள்பவை சில மாபெரும் கம்பெனிகளே. அவற்றுக்கெனத் தனிப் படைகள் உண்டு. தனிச் சிறைகளும் உண்டு. ஓர் இரவில் ஒரு கம்பெனியின் படை போட்டிக் கம்பெனியின் நகரைத் தாக்குகிறது. விடியும்போது எஞ்சியிருப்பது சாம்பல். "சுவாமி, இப்படியெல்லாம் நடக்குமா?" என்று அவர் கேட்டார்.

இத்தகைய கற்பனை புதிதன்று. 1975-இல் வெளிவந்த 'ரோலர்பால்' என்னும் ஆங்கிலத் திரைப்படமும் நாடுகள் மறைந்து கம்பெனிகள் ஆளும் உலகையே காட்டிற்று. கதை நடப்பதாக அதில் குறித்த ஆண்டு 2018. அவ்வாண்டும் வந்து போயிற்று, நாடுகள் மறைந்துவிடவில்லை. ஆகவே அஞ்சத் தேவையில்லை என்று இருந்துவிடலாமா? அன்று! "இப்படி நடக்குமா?" என்ற வினாவுக்கு நாம் அளித்த விடை இதுவே: "தம்பி, இது முன்னரே நடந்துவிட்டது."

சாசனம் பெற்ற கும்பினிகள்

கிழக்கிந்தியக் கம்பெனியை நம் முன்னோர் 'கும்பினி' என்றனர். ஆங்கிலக் கும்பினி 1600-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் அரச சாசனம் பெற்றது. டச்சுக் கும்பினி 1602-இல் தோன்றியது. கீழ்த்திசையில் கோட்டை கட்டவும், படை திரட்டவும், உடன்படிக்கை செய்யவும், போர் நடத்தவும் டச்சு அரசு தன் கும்பினிக்கு உரிமை வழங்கிற்று. கணக்குப் புத்தகம் இருந்த கையிலேயே வாளும் கொடுக்கப்பட்டது!

இதற்குப் பணம் தந்தோர் யாவர்? பெருஞ்செல்வர் மட்டுமல்லர். ஆம்ஸ்டர்டாம் நகரில் பங்குத் தொகை எழுதப்பட்ட வீட்டில் வேலை செய்த பணிப்பெண்ணும் தன் சேமிப்பிலிருந்து 100 கில்டர் எழுதினாள். அவள் எவருக்கும் தீங்கு நினைத்தவள் அல்லள். ஏதோ நாலு காசு பெருகட்டும் என்று எண்ணியிருப்பாள், அவ்வளவே.

சாதிக்காயின் விலை

இன்றைய இந்தோனேசியாவில் பண்டா என்னும் சிறு தீவுகள் உள்ளன. நம் வீடுகளில் குழந்தைகளுக்கு உரைத்துக் கொடுக்கும் சாதிக்காய் அக்காலத்தில் உலகிலேயே அங்கு மட்டும்தான் விளைந்தது. அதைத் தமக்கே விற்க வேண்டும் என்று டச்சுக் கும்பினியார் தீவு மக்களை வற்புறுத்தினர். மக்களோ ஆங்கிலேயருக்கும் பிறருக்கும் விற்றனர். அத்தீவுகளுள் ஒன்றான ரன் தீவில் ஆங்கிலக் கும்பினியார் 1616 முதல் நிலைகொண்டிருந்தனர். அவர்தம் தலைவர் நத்தானியேல் கோர்ட்டோப் 1620-இல் டச்சுக்காரரால் கொல்லப்பட்டார்.

1621-இல் டச்சுக் கும்பினியின் ஆளுநர் யான் பீட்டர்சோன் கூன் பெரும்படையுடன் பண்டாவில் இறங்கினார். கூலிக்கு அமர்த்திய ஜப்பானிய வீரரும் அப்படையில் இருந்தனர். தீவின் தலைவர்கள் 44 பேர் கொல்லப்பட்டனர். மற்ற மக்கள் வாளுக்கும் பசிக்கும் இரையாயினர். பலர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். ஏறத்தாழ 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் எஞ்சியோர் சுமார் 1,000 பேரே என்று வரலாற்றாசிரியர் மதிப்பிடுவர். பின்னர் அந்நிலம் 68 தோட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. அடிமைகள் அவற்றில் உழைத்தனர். இரண்டாண்டு கழித்து, அம்போய்னாவில் ஆங்கிலக் கும்பினியைச் சேர்ந்த 10 பேரைச் சதிக்குற்றம் சாட்டி டச்சுக்காரர் தலைவெட்டினர்.

இவற்றைச் செய்தோர் கிறிஸ்துவின் பெயரைத் தரித்தவர்களே என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். அந்த 44 பேரின் கொலையைக் கண்ட டச்சு அதிகாரி ஒருவர், கண்டோர் அனைவரும் மனம் கலங்கினர் என்றும், இத்தகைய செயலில் மகிழ்ச்சி கொள்ளாமல் தத்தம் இருப்பிடம் திரும்பினர் என்றும் எழுதிவைத்தார். அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நில்லுங்கள். அவர்கள் கலங்கினர், ஆனால் திரும்பிச் சென்றனர். மறுநாள் வேலை வழக்கம்போல் நடந்தது.

நம் கடற்கரையிலும், நம் காலத்திலும்

நம் ஊரும் இதற்கு விலக்கன்று. 1746 செப்டம்பரில், மொரீஷியஸ் தீவின் ஆளுநர் லா பூர்தொனே பிரெஞ்சுக் கும்பினியின் சார்பில் கப்பல்களோடு வந்து, ஆங்கிலக் கும்பினியின் சென்னைக் கோட்டையைக் குண்டு வீசிப் பிடித்தார். ஐரோப்பாவில் மன்னர்கள் தொடங்கிய போர், இங்கே இரு வணிக நிறுவனங்களின் போராயிற்று. 1749-இல் சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பியது. ஐரோப்பாவில் எழுதிய உடன்படிக்கையின்படி நகரம் கைமாறியது. நகரத்தாரை எவர் கேட்டார்? அதே ஆங்கிலக் கும்பினி பின்னர் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரரைக் கொண்ட படையை வைத்திருந்தது. 1858-இல்தான் அதன் ஆட்சி முடிந்தது.

முடிந்ததா? 2007 செப்டம்பர் 16-ஆம் நாள், ஈராக்கின் பாக்தாத் நகரில், பிளாக்வாட்டர் என்னும் அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் காவலர் சுட்டதில் பொதுமக்கள் 17 பேர் இறந்தனர். காவலர் நால்வரை அமெரிக்க நீதிமன்றம் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. ஆயினும் 2020 டிசம்பரில் அவர்கள் அதிபரின் மன்னிப்பைப் பெற்றனர். 2023 ஜூனில் வாக்னர் என்னும் ரஷ்யக் கூலிப்படை, தன்னை வளர்த்த அரசையே எதிர்த்து மாஸ்கோவை நோக்கிப் புறப்பட்டது. விற்பனைக்கு வந்த வாள் எப்பக்கமும் திரும்பும் அன்றோ!

எவரைக் கேட்பது?

கொடுங்கோல் மன்னன் ஒருவனேனும் முகம் உடையவன். அவனைச் சுட்டிக் கேட்கலாம். கும்பினிக்கோ முகம் இல்லை. பங்குதாரர், "நான் பணம்தான் போட்டேன்" என்பார். இயக்குநர், "நான் தொலைவில் இருந்தேன்" என்பார். வீரர், "நான் கட்டளைக்குப் பணிந்தேன்" என்பார். பழி நூறு துண்டாகச் சிதறும்போது, ஒவ்வொருவர் பங்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாகிவிடுகிறது. இதுவே பெரிய ஆபத்து.

ஆதலின் நம் இல்லங்களில் இரு வழக்கங்கள் வேண்டும். நாம் ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கும்போது, "எவ்வளவு வரும்?" என்பதோடு "எவ்வாறு வரும்?" என்றும் கேட்போம். பெரிய நிறுவனங்களில் வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு, தவறு கண்டவிடத்து மனம் கலங்கினால் மட்டும் போதாது, "செய்யமாட்டேன்" என்று சொல்லும் துணிவும் வேண்டும் எனக் கற்பிப்போம். அத்துணிவால் வேலை போகலாம். அப்போது அவர்களைக் கடிந்துகொள்ளாத பெற்றோராய் இருப்போம்.

உன் சகோதரன் எங்கே என்று இறைவன் கேட்டது காயினை. அந்த வினாவைக் கம்பெனியிடம் கேட்டால் விடை சொல்ல அதற்கு வாய் இல்லை. பங்கு பெற்ற நாம்தாம் விடை சொல்ல வேண்டும். சிந்திப்போமாக!