எட்டுச் சக்கரமும் ஒரு வேனும்

ரோலர் டெர்பி, காலில் சக்கரக் காலணி கட்டிக்கொண்டு நீள்வட்டத் தடத்தில் முட்டி மோதி ஆடும் அமெரிக்க ஆட்டம். பந்து கிடையாது. அணிக்கு ஐந்து பேர் தடத்தில் இறங்குவார்கள். ஹெல்மெட் உறையில் நட்சத்திரம் போட்டவர் ஜாமர்; புள்ளி எடுப்பது அவர் வேலை. மற்ற நால்வரும் பிளாக்கர்கள். இவர்கள் எதிரணி ஜாமரைத் தோளாலும் இடுப்பாலும் மறிப்பார்கள், தங்கள் ஜாமருக்கு வழி பிளந்து கொடுப்பார்கள். கூட்டத்தை ஒருமுறை துளைத்து வெளியே வந்த ஜாமர், அடுத்த சுற்றிலிருந்து தாண்டும் ஒவ்வொரு எதிரணி பிளாக்கருக்கும் ஒரு புள்ளி பெறுவார். இப்படி அதிகபட்சம் 2 நிமிடம் நீளும் ஓட்டத்துக்கு ஜாம் என்று பெயர். ஆட்டம் 30 நிமிடம் வீதம் இரண்டு பாதி.

இந்த ஆட்டத்தின் தலையெழுத்தை ஆரம்பம் முதலே சாலைதான் எழுதிவந்திருக்கிறது. 1935 ஆகஸ்ட் 13 அன்று சிகாகோ கொலிசியம் அரங்கில் லியோ செல்ட்சர் தொடங்கியது ஒரு கற்பனைப் பயணம். ஆணும் பெண்ணுமாக ஜோடி சேர்ந்து, அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் தூரத்தை, ஏறத்தாழ 3,000 மைலை, அரங்குக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். எந்த ஊர் வரை வந்திருக்கிறார்கள் என்பதைப் பெரிய வரைபடத்தில் விளக்குகள் காட்டும். மோதலும் புள்ளிக்கணக்கும் பிறகு வந்து சேர்ந்தவை.

கூட்டம் சேர்ந்ததும் நிஜப் பயணம் ஆரம்பித்தது. 1937 மார்ச்சில் செயின்ட் லூயிஸிலிருந்து சின்சினாட்டிக்கு வீரர்களோடு போன பேருந்து, இல்லினாய் மாநிலத்தின் சேலம் அருகே டயர் வெடித்துப் பாலத்தில் மோதியது. வண்டியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இறந்துபோனார்கள். அவர்கள் நினைவாக 1 என்ற சட்டை எண் அதன்பின் செல்ட்சரின் ஆட்டத்தில் யாருக்கும் தரப்படவில்லை.

செல்ட்சரின் மகன் ஜெரி காலத்தில் வெளியூர்ப் பயணமே தொழிலாகிவிட்டது. சான் பிரான்சிஸ்கோவின் பே பாம்பர்ஸ் அணி ஆடிய ஆட்டங்களின் வீடியோ நாடாக்கள் ஊர் ஊராகத் தொலைக்காட்சி நிலையங்களுக்குப் போகும்; பார்த்துப் பழகிய ஊர்களுக்குப் பின்னாலேயே அணி போய் இறங்கும். ஓரம் உயர்ந்த சாய்வுத் தடத்தைக் கழற்றி ஏற்றி, போகும் இடத்தில் பூட்டி நிறுத்துவார்கள். செலவு ஏறிக்கொண்டே போனது. 1973இல் எரிபொருள் தட்டுப்பாடும் வந்தபோது கடையை மூட வேண்டியதாயிற்று.

2001இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பெண்கள் இதற்கு மறுபிறவி கொடுத்தார்கள். சாய்வுத் தடத்தை விட்டுச் சமதளத்துக்கு மாறியதுதான் பெரிய திருப்பம். தரையில் மெல்லிய கயிற்றைப் பதித்து மேலே டேப் ஒட்டினால் தடம் தயார். கோட்டைத் தொட்டுவிட்டோமா என்பதைச் சக்கரம் ஏறி இறங்கும்போதே கால் சொல்லிவிடும். லாரி தேவையில்லாமல் போனது. நகரத்துக்கு ஒரு கழகம் கிளம்பியது. ஆனால் ஊருக்குள்ளேயே ஆடி எவரும் மேலே ஏற முடியாது. பெண்கள் ரோலர் டெர்பியின் சர்வதேசச் சங்கம் வெளியிடும் தரவரிசைக்கு, மற்றக் கழகங்களோடு ஆடிய அங்கீகாரம் பெற்ற ஆட்டங்கள்தான் கணக்கு. அதனால்தான் கழகத்தின் முதல் அணிக்கு ‘ட்ராவல் டீம்’ என்ற பெயரே நிலைத்தது.

இந்த அணியில் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. ஆடுகிறவர்களே மாதச் சந்தா கட்டுகிறார்கள். பள்ளி ஆசிரியையும் செவிலியரும் வெள்ளிக்கிழமை வேலை முடித்து, வேனிலோ பகிர்ந்துகொண்ட கார்களிலோ நெருக்கியடித்து ஏறுவார்கள். போகிற ஊரில் எதிரணிக்காரியின் வீட்டு சோபாவே படுக்கையாவதும் உண்டு. மறுநாள் தோளால் இடித்துத் தள்ளப்போகிறவர்தான் அன்றிரவு போர்வை எடுத்துக் கொடுப்பவர். வேறெந்த ஆட்டத்திலும் லேசில் காணக் கிடைக்காத காட்சி இது.

வெளியூர் ஆட்டத்தில் முதல் எதிரி தரைதான். சிமெண்டு, மரம், பிளாஸ்டிக் ஓடு என இடத்துக்கு இடம் அது மாறும். காலணிக்கு நான்காக எட்டுச் சக்கரம். அவற்றின் கடினத்தை 88ஏ, 95ஏ என்று அளப்பார்கள். எண் குறைந்தால் மென்மை, பிடிப்பு அதிகம். பாலிஷ் போட்ட சிமெண்டில் கடினச் சக்கரம் வழுக்கி இழுத்துவிடும். பிடித்து நிறுத்தும் தரையில் மென்சக்கரம் காலைக் கட்டிப்போடும். அதனால் பையில் இரண்டு மூன்று செட் சக்கரம் இருக்கும். பயிற்சி நேரத்தில் இரண்டு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து ஸ்பேனரால் எட்டையும் கழற்றி மாற்றுவார்கள். சிலர் நான்கை மட்டும் மாற்றி இரண்டு வகையையும் கலந்து ஓட்டுவதும் உண்டு.

அடுத்த கவலை ஆள்பலம். பட்டியலில் 15 பேர் வரை இருக்கலாம். ஒவ்வொரு தவறுக்கும் 30 விநாடி வெளியே உட்கார வேண்டும். ஏழு தவறு செய்தவர் அன்றைக்கு அவ்வளவுதான். விடுப்பு கிடைக்காமல் சிலர் ஊரிலேயே தங்கிவிட, பத்துப் பேரோடு போய் இறங்கிய அணியில் ஒருத்தி கணுக்காலைப் பிடித்துக்கொண்டாலே மிச்சமுள்ளவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பல தோல்விகளுக்கு எதிரணியின் திறமையைவிட இந்தக் கணக்கே காரணம்.

ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் சிறந்த ஜாமருக்கும் பிளாக்கருக்கும் பரிசு கொடுப்பது வழக்கம். பிறகு இரண்டு அணியும் சேர்ந்து விருந்து. திரும்பும் வண்டியில் நிரந்தரப் பிரச்சினை நாற்றம். வியர்வையில் ஊறிய முட்டிக்காப்பும் மணிக்கட்டுப் பட்டையும் நிறைந்த பைகளை முடிந்தவரை பின்னால் தள்ளிவைப்பார்கள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலை பையைத் திறந்து எல்லாவற்றையும் காயப்போடுவது.