தட்டத் தெரிந்தவருக்கு மட்டும் திறக்கும் கதவு: போர்ட் நாக்கிங்



போன கோடை விடுமுறையில் புதுச்சத்திரம் பக்கத்தில் என் மாமாவின் கோழிப்பண்ணையில் ஒரு சின்ன புராஜெக்ட் செய்தேன். ஷெட்டுக்குள் வெப்பநிலை சென்சார், தண்ணீர் தெளிக்கிற ஃபாகர் மோட்டாருக்கு ஒரு ரிலே, ரெண்டையும் இணைக்க மாத வாடகைக்கு எடுத்த ஒரு லினக்ஸ் சர்வர். அவ்வளவுதான். மே மாத வெயிலில் ஃபாகர் ஓடலைன்னா முட்டைக்கோழி தாங்காது. நாமக்கல் பக்கம் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

சர்வர் எடுத்து ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. காலையில் லாகின் பதிவைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஓடுகிறது. ‘ரூட்’, ‘அட்மின்’, ‘டெஸ்ட்’, ‘உபுண்டு’ என்று பேரை மாற்றி மாற்றி யார் யாரோ கடவுச்சொல் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். எல்லாமே தானியங்கி பாட்கள். இணையத்தில் இருக்கிற ஐபி முகவரிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போவதுதான் அவற்றின் வேலை. நம் சர்வரும் அந்த வரிசையில் வந்திருக்கிறது.

மாமாவிடம் சொன்னேன். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. “கதவு இருக்கறது தெரிஞ்சாத்தானே மாப்ளே தட்டுவான்?” என்றார்.

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. அதன் பேர் போர்ட் நாக்கிங். வாங்க பார்க்கலாம்.

கதவு எப்படித் தெரிகிறது?

ஒரு சர்வரில் டிசிபி போர்ட்கள் 65535 உண்டு. தொலைவிலிருந்து லாகின் செய்யும் எஸ்எஸ்எச் வழக்கமாக 22ஆம் போர்ட்டில் காத்திருக்கும். வெளியிலிருந்து ஒருவர் ‘சின்’ என்கிற முதல் பாக்கெட்டை அனுப்பினால், திறந்த போர்ட் ‘வாங்க’ என்று பதில் தரும். மூடிய போர்ட் ‘இங்கே யாரும் இல்லை’ என்று பதில் தரும். ஃபயர்வாலில் ‘டிராப்’ விதி போட்டிருந்தால் பதிலே வராது. பாட் கொஞ்ச நேரம் காத்திருந்து அடுத்த முகவரிக்குப் போய்விடும்.

சரி, எல்லோருக்கும் டிராப் போட்டுவிட்டால் நாம் எப்படி உள்ளே போவது?

தட்டும் முறை

ஹாஸ்டலில் ராத்திரி நண்பன் கதவைத் தட்டுவான் இல்லையா? டொக், கொஞ்சம் இடைவெளி, டொக் டொக். வார்டன் அப்படித் தட்ட மாட்டார். உள்ளே இருப்பவனுக்கு யார் வந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். போர்ட் நாக்கிங் இதேதான். மார்ட்டின் கிஷிவின்ஸ்கி 2003இல் இந்த முறையை விளக்கி எழுதினார். லினக்ஸில் இதற்குப் பரவலாகப் பயன்படும் ‘நாக்டி’ நிரலை எழுதியவர் ஜட் வினெட். ஆர்ச் லினக்ஸைத் தொடங்கியவரும் அவர்தான்.

வேலை நடக்கும் வரிசை இது:

1. ஃபயர்வால் 22ஆம் போர்ட்டை எல்லோருக்கும் மூடி வைத்திருக்கும்.
2. நீங்கள் உங்கள் லேப்டாப்பிலிருந்து மூன்று போர்ட்களுக்கு, முன்பே முடிவு செய்த வரிசையில், ஒவ்வொரு சின் பாக்கெட் அனுப்புவீர்கள். மூன்றும் மூடியவைதான். பதில் எதுவும் வராது.
3. நாக்டி நெட்வொர்க் கார்டின் அளவிலேயே பாக்கெட்டுகளைக் கவனிக்கும். அதனால் ஃபயர்வால் தூக்கி எறியப்போகும் பாக்கெட்டும் அதன் கண்ணில் படும்.
4. வரிசையும் நேரமும் சரியாக இருந்தால், உங்கள் ஐபி முகவரிக்கு மட்டும் 22ஐத் திறக்கச் சொல்லி ஃபயர்வாலில் ஒரு விதியைச் சேர்க்கும்.
5. சில நொடிகள் கழித்து அந்த விதியை எடுத்துவிடும். அதற்குள் உள்ளே போய்விட்ட உங்கள் இணைப்பு அறுந்துபோகாது. ஏற்கெனவே ஏற்பட்ட இணைப்புகளை அனுமதிக்கும் விதி தனியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று தட்டல்களுக்கு எத்தனை வரிசைகள் சாத்தியம்? 65535ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள். சுமார் 281 லட்சம் கோடி. குருட்டாம்போக்கில் தட்டிக் கண்டுபிடிப்பது நடக்கிற காரியம் இல்லை. ஆனால் நாக்டியோடு மாதிரியாக வரும் 7000, 8000, 9000 என்ற வரிசையை அப்படியே விட்டுவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் வீண். முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

சாவி இருக்கும்போது இது எதுக்கு?

நல்ல கேள்வி. கடவுச்சொல்லை நிறுத்திவிட்டு எஸ்எஸ்எச் சாவி மட்டும் வைத்திருந்தால் அந்த பாட்கள் எத்தனை நாள் முயன்றாலும் உள்ளே வர முடியாது. உண்மைதான். ஆனால் பூட்டிலேயே ஓட்டை இருந்தால்?

2024இல் இது ரெண்டு முறை நடந்தது. மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், எக்ஸ்இசட் என்கிற சுருக்கும் நிரலுக்குள் ஒரு பின்வாசலை யாரோ ஒளித்து வைத்திருப்பதை வெளியிட்டார். அது எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழையச் செய்யப்பட்டது. அவருக்குச் சந்தேகம் வந்த காரணம், லாகின் ஆக அரை நொடி அதிகமாக ஆனது! அது பெரும்பாலும் சோதனைப் பதிப்புகளோடு நின்றதால் உலகம் தப்பியது. அடுத்து ஜூலை 1 அன்று குவாலிஸ் நிறுவனம் ஓப்பன்எஸ்எஸ்எச்சிலேயே ஒரு பிழையை அறிவித்தது. 2006இல் சரிசெய்த பிழை, பின்னால் வந்த ஒரு மாற்றத்தில் யாரும் கவனிக்காமல் திரும்பி வந்திருந்தது. பொறுமையாக மணிக்கணக்கில் முயன்றால், சாவியும் கடவுச்சொல்லும் இல்லாமலே ரூட் அதிகாரம் கிடைக்கலாம்.

அப்படி ஒரு நாளில் உலகமே 22ஆம் போர்ட்டைத் தேடும். உங்கள் கதவு கண்ணில் படவில்லை என்றால், அப்டேட் போட உங்களுக்கு ஒரு ராத்திரி அவகாசம் கிடைக்கும். போர்ட் நாக்கிங் தருவது இந்த அவகாசத்தைத்தான்.

சேலத்திலிருந்து ஈரோடு போகும்போது சங்ககிரி மலையைப் பார்த்திருப்பீர்கள். கோட்டைக்கு ஏறும் வழியில் ஒன்றன்பின் ஒன்றாக வாசல்கள். ஒன்று உடைந்தால் அடுத்தது தாங்கும் என்பதுதான் கணக்கு. இந்தக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. நோயாளிப் பதிவு முதல் பரிசோதனை முடிவு வரை நாள்கணக்கில் கையால் எழுத வேண்டியிருந்தது. நெட்வொர்க்கைச் சரியாகப் பகுதி பிரிக்காததுதான் காரணம் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அங்கே போர்ட் நாக்கிங் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே வாசலை நம்பக் கூடாது என்பதுதான் பாடம்.

நான் மாட்டிக்கொண்ட கதை

இதெல்லாம் படித்துவிட்டு, ஒரு மத்தியானம் சேலம் ஹாஸ்டலில் உட்கார்ந்து சர்வரில் வேலையை ஆரம்பித்தேன். முதல் கட்டளையே எல்லாவற்றுக்கும் டிராப். எண்டர் தட்டியதும் திரை உறைந்துபோனது. ஏற்கெனவே உள்ள இணைப்பை அனுமதிக்கும் விதியை நான் இன்னும் போடவே இல்லை!

நான் மட்டும் வெளியே நின்றிருந்தால் பரவாயில்லை. சென்சார் அனுப்பும் வெப்பநிலையும் அதே டிராப்பில் விழுந்துவிட்டது. சர்வருக்கு வெயில் தெரியாது, ஃபாகரை ஓட்டச் சொல்லாது. கொஞ்ச நேரத்தில் மாமாவின் போன்: “மாப்ளே, மோட்டார் ஓடலையே?” கையால் சுவிட்ச் போடச் சொன்னேன். கோழிகள் தப்பின. சர்வர் வாடகைக்கு எடுத்த தளத்தின் கன்சோல் வழியாகப் போய் விதிகளை அழித்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதிலிருந்து கற்றவை:

* முதலில் அனுமதிகள், கடைசியில் டிராப். வரிசை மாறக் கூடாது.
* விதிகளை மாற்றும் முன், பத்து நிமிடத்தில் பழையபடி ஆக்கும் ஒரு கிரான் வேலையைப் போட்டு வையுங்கள். எல்லாம் சரியானதும் அதை நீக்கலாம்.
* கன்சோல் வழி வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். நாக்டி நின்றுபோனால் அதுதான் ஒரே வாசல்.
* உயிர் சம்பந்தப்பட்ட முடிவு சர்வரை நம்பி இருக்கக் கூடாது. இப்போது ஷெட்டில் இருக்கும் போர்டே வெப்பம் பார்த்து ஃபாகரை ஓட்டுகிறது.

நம்ம கேம்பஸில் வரும் சிக்கல்கள்

காலேஜ் வைஃபையில் நாம் எல்லோரும் வெளியே ஒரே பொது ஐபி முகவரியில்தான் தெரிவோம். நீங்கள் தட்டித் திறந்தால், அந்தச் சில நொடிகளுக்கு மொத்த கேம்பஸுக்கும் கதவு திறந்திருக்கும். மொபைல் டேட்டாவிலும் ஒரே ஐபிவி4 முகவரியைப் பலர் பகிர்கிறார்கள். அதனால் சாவி கட்டாயம் வேண்டும்.

அடுத்து, காலேஜ் ஃபயர்வால் வழக்கமில்லாத போர்ட்களை வெளியே விடாமல் இருக்கலாம். தட்டல் சர்வருக்குப் போய்ச் சேராது. கிளவுட் சர்வர் என்றால் அதன் செக்யூரிட்டி குரூப்பிலும் அந்தப் போர்ட்களை அனுமதிக்க வேண்டும். ஐபிவி6ஐ மறக்காதீர்கள்: முன்வாசலை மறைத்துவிட்டு ஐபிவி6 பக்கம் 22ஐத் திறந்து வைத்தால் என்ன பயன்?

பெரிய குறை ஒன்று உண்டு. தட்டல்கள் ரகசியக் குறியீட்டில் போவதில்லை. வழியில் ஒட்டுக்கேட்பவர் அதே வரிசையைத் திரும்பத் தட்டலாம். இதைச் சரிசெய்ய, மைக்கேல் ராஷ் எழுதிய ‘எஃப்டபிள்யூநாப்’ மூன்று தட்டலுக்குப் பதில் குறியாக்கம் செய்த ஒரே பாக்கெட்டை அனுப்புகிறது. பழைய பாக்கெட்டைத் திரும்ப அனுப்பினால் ஏற்காது. வயர்கார்டு விபிஎன்னும் நல்ல மாற்று. சரியான சாவி இல்லாதவருக்கு அது பதிலே சொல்லாது.

எந்த வரிசையில் செய்யலாம்?

முதலில் எஸ்எஸ்எச் சாவி. பிறகு கடவுச்சொல் லாகினையும் ரூட் லாகினையும் நிறுத்துங்கள். அப்டேட்களைத் தானாக விழ விடுங்கள். இவை மூன்றும் முடிந்தபிறகு போர்ட் நாக்கிங். பூட்டு இல்லாத கதவை மறைத்து வைத்துப் பிரயோஜனம் இல்லை.

ஒரு எச்சரிக்கை: பழகுவதெல்லாம் உங்கள் சொந்த சர்வரில் அல்லது லேப்டாப்பில் ரெண்டு விர்ச்சுவல் மெஷின் வைத்துத்தான். அடுத்தவர் சர்வருக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66இன் கீழ் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

இப்போது எங்கள் சர்வரின் லாகின் பதிவில் என் பேர் மட்டும்தான் இருக்கிறது. உங்களிடம் ஒரு சர்வர் இருந்தால், இன்றைக்கு ராத்திரி அதன் பதிவைத் திறந்து பாருங்கள். யார் யார் தட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தபிறகு, மிச்சத்தை நீங்களே செய்வீர்கள்.