கொசுக்கடியும் நம் முணுமுணுப்பும்

வாசலில் உட்கார்ந்தால் நாம் முதலில் குறை சொல்வது கொசுவைத்தான். "சே, என்ன தொல்லை!" என்று தட்டிவிட்டு, வேறு பேச்சுக்குப் போய்விடுகிறோம்.

ஆனால் இது வெறும் தொல்லை அன்று. பினாங்கில் 1902-லேயே டிங்கிக் காய்ச்சல் பதிவாயிற்று. இரத்தக் கசிவோடு உயிரையே பறிக்கக்கூடிய கடும் டிங்கியும் இந்நாட்டில் முதன்முதலாக 1962-ல் இங்கேதான் காணப்பட்டது.

இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது பெரும்பாலும் தெளிந்த நீரையே. மூடாத வாளி, பூச்சாடித் தட்டு, தோட்டத்தில் கவிழ்க்காமல் விட்ட பால் மங்கு எதுவும் அதற்குப் போதும். முட்டை கொசுவாகச் சுமார் ஒரு வாரமே ஆகும். காய்ந்த முட்டையும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

ஆகவே வாரம் ஒருமுறை நீரைக் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவோம். பிறரைக் குறை கூறுமுன் நம் கொல்லையை ஒருமுறை சுற்றி வருவோமா?