பட்டாளத்துத் தாத்தாவை இண்டர்நெட்டில் தேடலாம்

"எங்க தாத்தா பட்டாளத்துக்குப் போனவர், திரும்பி வரலை" என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் சொல்வார்கள். அம்மாவின் தாத்தா, அதாவது ஆச்சியின் அப்பா, பாளையங்கோட்டைப் பட்டாளத்தில் சிப்பாய். முதல் உலகப் போரில் கப்பலேறி ஆப்பிரிக்கா போனார். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆச்சிக்கு அப்போது இரண்டு வயது. இறந்த தேதி தெரியாததால் அவருக்குத் தனியாகத் திதி கிடையாது. ஆடி அமாவாசையன்று எல்லோரோடும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் இறைப்பதோடு சரி.

புதுக் கம்ப்யூட்டரில் இண்டர்நெட் வந்த அன்று அம்மா கேட்டாள்: "ஏல, இதுல எங்க தாத்தா பேரு இருக்குமா?"

கூகுளில் பெயரை அடித்துப் பார்த்தேன். ஏதேதோ வந்தது. இதற்கென்றே ஒரு தளம் இருப்பது பிறகுதான் தெரிந்தது. 1917ல் தொடங்கிய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம் அது. முகவரி: டபிள்யூடபிள்யூடபிள்யூ டாட் சிடபிள்யூஜிசி டாட் ஓஆர்ஜி. இரண்டு உலகப் போர்களிலும் உயிரிழந்த சுமார் 17 லட்சம் பேரை இந்த ஆணையம் நினைவில் வைத்திருக்கிறது. தேடுவதற்குப் பணம் கட்ட வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போரில் இறந்தவர்கள் மட்டுமே இதில் இருப்பார்கள். உயிரோடு திரும்பி பென்ஷன் வாங்கியவரை இங்கே தேடிப் பயனில்லை. 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் இறந்தவர்கள்தான் கணக்கு. ரெகுலர் சிப்பாய்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். மலேயா, சிங்கப்பூரில் உள்ளூர்த் தொண்டர் படைகளில் சேர்ந்து உயிர்விட்டவர்களும் உண்டு. அந்தப் பக்கம் போன உறவினர் இருந்தால் தேடிப் பாருங்கள்.

தளத்தில் 'பைண்ட் வார் டெட்' என்ற பகுதியைக் க்ளிக் செய்தால் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, நாடு என்று கட்டங்கள் வரும். எல்லோரும் பெயரைத்தான் முதலில் அடிப்பார்கள். நானும் அதையே செய்து இரண்டு இரவுகளை வீணாக்கினேன். நம் ஊர்ப் பெயர்களைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியவர் ஏதோ ஒரு பட்டாளத்துக் குமாஸ்தா. சுப்பையா என்ற பெயரை எஸ்.யு. என்றும் தொடங்கியிருக்கலாம், எஸ்.ஓ.ஓ. என்றும் தொடங்கியிருக்கலாம். ஒரு பி, இரண்டு பி, கடைசியில் எச் இருப்பது, இல்லாதது என்று எத்தனையோ விதம்.

ஆகவே பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். படைப்பிரிவையும் நாட்டையும் மட்டும் கொடுங்கள். நான் '63வது பாலம்கோட்டா லைட் இன்பன்ட்ரி' என்று கொடுத்தேன். பாளையங்கோட்டைக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் பாலம்கோட்டா. திருநெல்வேலி அவனுக்கு டின்னவெல்லி. ஊர்ப் பெயரையும் இந்தப் பழைய ஸ்பெல்லிங்கில்தான் தேட வேண்டும்.

பட்டியல் வந்தது. வரிசையாக ஒவ்வொன்றையும் திறந்து, தகப்பனார் பெயர், ஊர் எழுதியிருக்கும் 'கூடுதல் விவரம்' வரியைப் படித்தேன். சிலருக்கு அந்த வரியே இல்லை. ஒன்றில் எங்கள் கிராமத்தின் பெயர் இரண்டு எழுத்துப் பிழையோடு இருந்தது. தகப்பனார் பெயரும் சரியாக இருந்தது. இறந்த தேதி 1914 நவம்பர் 4.

அன்று நடந்தது டாங்கா சண்டை. இன்றைய டான்சானியாவில் உள்ள துறைமுகம் அது. அப்போது ஜெர்மனியின் கையில் இருந்தது. பம்பாயிலிருந்து அனுப்பப்பட்ட சுமார் 8,000 பேர் கொண்ட படை, தன்னைவிட மிகச் சிறிய ஜெர்மன் படையிடம் அங்கே தோற்றது. ஊரைவிட்டுக் கிளம்பிய சில வாரங்களிலேயே தாத்தா போய்விட்டார். ஆச்சியின் அம்மாவோ பல வருஷம் தபால்காரரை எதிர்பார்த்திருந்தாளாம்.

உங்கள் தேடலில் பெயர் கிடைக்காவிட்டால் அவர் இறக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் குறிக்கப்படாமலே விடப்பட்டார்கள் என்று 2021ல் ஆணையமே அறிக்கை வெளியிட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க, அரபு நாட்டவர். நம் பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றில் 'இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள்' என்று பழைய கல்வெட்டு இருக்கும். அதிலும் எண்ணிக்கைதான், பெயர் கிடையாது.

பக்கம் கிடைத்ததும் கண்ட்ரோல், பி கீகளைச் சேர்த்து அழுத்தி, பிடிஎப் ஆகச் சேமித்துவிடுங்கள். நான் ஒரு பிரிண்டும் எடுத்தேன். அதை மாமாவிடம் கொடுத்தேன். பஞ்சாங்கக்காரர் அந்தத் தேதிக்குத் திதி கணித்துக் கொடுத்தார். இந்த ஐப்பசியில் குறுக்குத்துறை ஆற்றங்கரையில் மாமா தாத்தாவுக்கென்று தனியாகத் தர்ப்பணம் கொடுத்தார். அம்மா பக்கத்தில் நின்று, சங்கல்பத்தில் சொன்ன பெயரை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னாள்.