டேஷ்போர்டு இருட்டாயிடுச்சா? காரின் பின்னாடி போய் பாருங்க!

இரவு நேரம். ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டை தாண்டி கார் போய்க் கொண்டிருக்கிறது. திடீரென்று ஸ்பீடாமீட்டரில் வெளிச்சம் போய் விடுகிறது. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. "வீட்டுக்கு போய் பார்த்துக்கலாம்" என்று டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. டேஷ்போர்டு விளக்கு அணைந்தால் பின்பக்க சிவப்பு விளக்குகளும் அணைந்திருக்க வாய்ப்பு அதிகம். பின்னால் வேகமாக வரும் லாரிக்காரருக்கு, முன்னால் ஒரு கார் போவது கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரியும்.

ஒரே பியூஸ்

பல கார்களில் டேஷ்போர்டு, டெயில் லைட், நம்பர் பிளேட் லைட், பார்க்கிங் லைட் எல்லாவற்றுக்கும் ஒரே பியூஸ் வழியாகத்தான் கரண்ட் போகிறது. அந்த பியூஸ் போனால் எல்லாமே அவுட். ஹெட்லைட்டுக்கு தனி பியூஸ் என்பதால் அது மட்டும் எரியும்.

"பிரேக் மிதித்தால் சிவப்பு லைட் எரியுதே" என்று சிலர் ஏமாந்து விடுகிறார்கள். பிரேக் லைட்டுக்கு தனி லைன். பழைய மாடல் பல்பில் 2 இழைகள் இருக்கும். 21 வாட் இழை பிரேக்குக்கு, 5 வாட் இழை டெயில் லைட்டுக்கு.

எப்படி பார்ப்பது?

காரை ரோட்டை விட்டு ஓரங்கட்டி, 4 இண்டிகேட்டரையும் எரிய விட வேண்டும். பார்க்கிங் லைட்டை போட்டு விட்டு பின்னால் போய் பார்க்க வேண்டும்.

பின்னால் ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் பல்ப் அல்லது எர்த் கோளாறாக இருக்கலாம். டேஷ்போர்டு மட்டும் இருட்டு என்றால், வெளிச்சத்தை கூட்டிக் குறைக்கும் திருகை யாராவது திருப்பி இருக்கலாம். எல்லாமே அவுட் என்றால் முதலில் பியூசை பார்க்க வேண்டும். எந்த பியூஸ் என்பது பியூஸ் பாக்ஸ் மூடியிலோ, காருடன் தந்த புத்தகத்திலோ இருக்கும்.

பியூஸ் நன்றாக இருந்தால் லைட் சுவிட்ச் அல்லது ரிலே மீதுதான் சந்தேகம்.

பெரிய பியூஸ் போடாதீங்க

சிவப்பு கலர் பியூஸ் 10 ஆம்பியர். நீலம் 15. மஞ்சள் 20. எந்த ஆம்பியர் போனதோ அதே ஆம்பியர்தான் போட வேண்டும். "அடிக்கடி போகுது" என்று பெரிய பியூஸ் போட்டாலோ, கம்பியை சுற்றினாலோ ஒயர் உருகி காரே தீப்பிடிக்கலாம்.

புது பியூசும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம். டிக்கி கதவு மடங்கும் இடத்தில் தேய்ந்த ஒயர், மழைத் தண்ணீர் புகுந்த டெயில் லைட், புதிதாக மாட்டிய ஸ்டீரியோ... இந்த 3 இடங்களையும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுவது நல்லது.

புது கார்காரர்களே, உஷார்!

இப்போது வரும் பல கார்களில் டிஜிட்டல் மீட்டர் எப்போதும் எரிந்து கொண்டே இருக்கும். டெயில் லைட் போனாலும் டேஷ்போர்டை பார்த்து கண்டுபிடிக்க முடியாது. லைட் போடவே மறந்து ஓட்டுபவர்களும் உண்டு.

பின்பக்க சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்தில் இருந்து தெரிய வேண்டும் என்கிறது 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதி. ராத்திரி கிளம்பும் முன் லைட்டை போட்டு விட்டு, காரை ஒரு சுற்று சுற்றி வந்தால் போதும். ஒரு நிமிட வேலைதான்!