ஆண்டு முழுதும் நிலைக்கும் உறுதி

புத்தாண்டில் எடுத்த உறுதி சில கிழமைகளிலேயே தளர்ந்துவிட்டால், அதை மனவலிமையின் குறை என்றே கருதிப் பழகிவிட்டோம். நல்லுள்ளம் கொண்ட பலர் இதனால் வீணே தம்மை நொந்துகொள்கின்றனர். உளநூல் ஆய்வுகள் காட்டும் காரணம் வேறு.

பீட்டர் கோல்விட்சர், வெரோனிகா பிரான்ட்சுடெட்டர் என்னும் உளநூலறிஞர் இருவர் 1997 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கிறித்துமசுக்கு முந்தைய மாலையை எவ்வாறு கழித்தோம் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதித் தருமாறு மாணவரைக் கேட்டிருந்தனர். ஒரு சாராரிடம் மட்டும், எந்த வேளையில், எவ்விடத்தில் அமர்ந்து எழுதுவீர்கள் என்பதையும் முன்னரே குறிக்கச் சொன்னார்கள். குறித்தவருள் ஏறத்தாழ நால்வருக்கு மூவர் உரிய காலத்தில் எழுதி முடித்தனர். ஏனையோருள் மூவருக்கு ஒருவரே முடித்தார். வேலையும் ஒன்று, கெடுவும் ஒன்று. வேளையையும் இடத்தையும் குறித்ததே வேறுபாடு.

இதன் உட்பொருள் எண்ணத்தக்கது. "உடலைப் பேணுவேன்" என்னும் உறுதியை ஒவ்வொரு நாளும் புதிதாக நினைந்து, புதிதாக முடிவெடுத்தே நிறைவேற்ற வேண்டியிருக்கிறது. "காலையில் பல் துலக்கியதும் தெருக்கோடி வரை நடப்பேன்" என்று முடிவுசெய்தவருக்கோ பல் துலக்கும் செயலே அழைப்பாகிவிடுகிறது. 2006 இல் கோல்விட்சரும் பாசுகல் சீரனும் இத்தகைய 94 சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்தபோதும் இம்முறையின் பயன் உறுதிப்பட்டது.

குறித்த வேளையில் மீண்டும் மீண்டும் செய்யும் செயல் காலப்போக்கில் பழக்கமாகிறது. எத்தனை நாளில்? இருபத்தொரு நாள் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். அமெரிக்க ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர் மேக்சுவெல் மால்ட்சு, தம்மிடம் சிகிச்சை பெற்றோர் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆவதாக 1960 இல் எழுதினார். அவர் சொன்ன "குறைந்தது" காற்றில் போயிற்று. எண் மட்டும் எஞ்சியது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 84 நாள் தொடர்ந்து ஆராய்ந்தனர். பகலுணவோடு ஒரு பழம், இரவுணவுக்கு முன் ஒரு கால் மணி ஓட்டம் எனத் தத்தமக்கு விருப்பமான ஒன்றை அவர்கள் நாள்தோறும் செய்தனர். செயல் தன்னியல்பாகும் போக்கை வளைகோடாக வரைந்தபோது, அது நன்கு பொருந்திய 39 பேரின் இடைநிலை மதிப்பு 66 நாள். ஒருவருக்கு 18 நாளில் படிந்தது, இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் எனக் கணக்கு காட்டியது. ஆய்வே 84 நாளுக்குத்தான் நடந்தது; ஆகவே இப்பேரெண் கணித முறையில் நீட்டிப் பெற்றதே. உடற்பயிற்சி படிய, உண்ணல் பருகலைவிட நெடுங்காலம் தேவைப்பட்டது.

2010 இல் வெளிவந்த அவ்வாய்வின் தலையாய செய்தி என்று நான் கருதுவது வேறொன்று: இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது குறிப்பிடத்தக்க அளவில் பின்னடையவில்லை. சிலர் ஒரு நாள் தவறியதும் எல்லாம் போயிற்று என்று கைவிட்டுவிடுகின்றனர். அந்தக் கைவிடலுக்கு அறிவியலில் இடமில்லை.

பெற்றோரே, ஆசிரியர்களே! பிள்ளைகளை "நன்றாகப் படி" என்று சொல்லி அனுப்புவதோடு நிறுத்தாமல், எந்த வேளையில், எந்த மூலையில் அமர்ந்து படிப்பார்கள் என்பதை அவர்களே எழுதிவைக்க உடனிருந்து உதவுங்கள். ஒரு நாள் தவறினால் கடிந்துகொள்ளாமல், மறுநாள் அதே வேளையில் மீண்டும் அமர்த்துங்கள்.